நாணயமும் சாயலும்

தேர்தல் வந்தாலே, “சாமி, யாருக்கு ஓட்டுப் போடுவது?” என்று கேட்கிறார்கள். நான் பெயர் சொல்வதில்லை. ஏன்?

வரி பற்றிக் கேட்டவர்களிடம் இயேசு நாணயத்தைக் காட்டச் சொன்னார். அதில் இருந்தது சீசரின் உருவம். மனிதரிடம் இருப்பதோ கடவுளின் சாயல். ஆகவே, அரசு வரியைக் கேட்கலாம். மனச்சான்றை அரசும் கேட்கக்கூடாது, குருவும் கேட்கக்கூடாது.

அரசும் திருச்சபையும் தத்தம் தளத்தில் தன்னுரிமை உடையவை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவும் மனச்சான்றின் சுதந்திரத்தை நமக்கும், அடுத்த வீட்டு இந்து, இஸ்லாமியச் சகோதரருக்கும் ஒன்றுபோல் தருகிறது.

அந்தச் சுதந்திரத்தையும் ஏழைகளையும் காப்பவர் யார் என்று செபித்து, சிந்தித்து, நீங்களே முடிவெடுங்கள். ஓட்டுக்குக் காசு வாங்குகிறவர், சீசரின் நாணயத்துக்குக் கடவுளின் சாயலை விற்கிறார்.