ஆறு முறை கைநழுவிய பரிசு
ஸ்கொட்லாந்து தந்த நடிகை டெபோரா கார்

பரீட்சையில் ஒரு முறை தவறினாலே உலகம் இருண்டுவிட்டதாக எண்ணி மூலையில் முடங்கும் மாணவர் நம்மிடையே பலர் உளர். ஒரு துறையின் மிக உயர்ந்த பரிசுக்கு ஆறு முறை பெயர் முன்மொழியப்பட்டு, ஆறு முறையும் வெறுங்கையுடன் வீடு திரும்பிய ஒரு பெண்மணியின் வரலாற்றை இவ்வாரம் வாசகர் முன் வைக்கின்றோம். அவர் ஆங்கிலப் படவுலகில் பெரும் புகழ் பெற்ற டெபோரா கார் அம்மையார்.

அவருடைய பெயரை எழுத்தின்படி ‘கெர்’ என்று வாசிப்போர் உண்டு. ‘கார்’ என்பதே சரியான உச்சரிப்பு. அவர் ஹொலிவூட்டுக்குச் சென்றபோது, ‘ஸ்டார்’ என்னும் சொல்லுக்கு எதுகையாக அப்பெயரை உச்சரிக்க வேண்டும் என்று எம்.ஜி.எம். நிறுவனம் விளம்பரமே செய்தது.

டெபோரா 1921ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆந் திகதி ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். மழலைப் பருவம் ஹெலன்ஸ்பரோ என்னும் கரையோர ஊரிற் கழிந்தது. தந்தையார் முதலாம் உலக யுத்தத்தில் ஒரு காலை இழந்த போர்வீரர். சிறுமி முதலிற் பயின்றது நடனமே. 1938இல் லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் பலே நடனக் குழுவில் ஒருத்தியாக மேடையேறினார். ஆயினும் விரைவிலேயே அவருள்ளம் நடிப்பின்பால் திரும்பியது.

படவுலக நுழைவு ஏமாற்றத்துடனேயே தொடங்கிற்று. 1940இல் வெளிவந்த ‘கொன்ட்ராபான்ட்’ என்னும் படத்தில் அவர் நடித்த சிறு பகுதி வெட்டி எறியப்பட்டது. எனினும் அவர் சோரவில்லை. மறு ஆண்டிலேயே பெர்னாட் ஷாவின் நாடகத்தைத் தழுவிய ‘மேஜர் பார்பரா’விலும், வேலையற்ற தொழிலாளரின் துயரைக் கூறும் ‘லவ் ஒன் த டோல்’ படத்திலும் அவரைக் காண்கின்றோம்.

1943இல் பவலும் பிரெஸ்பேர்கரும் உருவாக்கிய ‘கேணல் பிளிம்ப்’ படத்தில், ஒரு போர்வீரனின் வாழ்வில் நாற்பதாண்டுக் காலத்தில் வெவ்வேறு கட்டங்களிற் குறுக்கிடும் மூன்று பெண்களாக அவர் ஒருவரே தோன்றினார். அப்போது அவருக்கு வயது 21. அதே இரட்டையரின் ‘பிளாக் நார்சிஸஸ்’ 1947இல் வெளியாயிற்று. இமயமலைச் சாரலில் மடம் அமைக்கச் செல்லும் கன்னியாஸ்திரீகளின் கதை இது. ஆனால் படப்பிடிப்புக் குழுவினர் இந்தியாவுக்குச் செல்லவேயில்லை. இங்கிலாந்தின் பைன்வூட் படநிலையத்தில் ஓவியங்களாலும் செட்டுகளாலும் இமயத்தை எழுப்பினர். மடத்தின் தலைவியாக நடித்த டெபோராவுக்கு நியூயோர்க் விமர்சகர்களின் பரிசு கிடைத்தது.

அவ்வாண்டே ஹொலிவூட் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே வேறொரு சோதனை காத்திருந்தது. குலமகள், பண்புள்ள சீமாட்டி என்னும் பாத்திரங்களே அவருக்கு மீண்டும் மீண்டும் அளிக்கப்பட்டன. அழகிய பொம்மைபோல் நிற்பதற்கா இத்துணைப் பயிற்சியும் என்று கலைஞர் ஒருவர் மனம் நொந்தால் அதில் வியப்பில்லை. 1953இல் அத்தளை அறுந்தது. ‘பிரொம் ஹியர் டு இட்டேர்னிட்டி’ படத்தில், கணவனால் வஞ்சிக்கப்பட்டு நெறி தவறும் ஒரு படை அதிகாரியின் மனைவியாக அவர் நடித்தார். பேர்ட் லங்காஸ்டருடன் ஹவாய்க் கடற்கரையில் அவர் தோன்றும் காட்சியை அறியாத திரைப்பட ரசிகர் உலகில் மிகச் சிலரே. அதே ஆண்டில் நியூயோர்க் நாடக மேடையில் ‘டீ அன்ட் சிம்பதி’யில் நடித்தும் பெரும் பாராட்டுப் பெற்றார். சக மாணவரின் ஏளனத்துக்கு ஆளான இளைஞன் ஒருவனுக்குப் பரிவு காட்டும் ஆசிரியர் மனைவியின் பாத்திரம் அது.

1956இல் வெளிவந்த ‘த கிங் அன்ட் ஐ’ படத்தில் சீயம் நாட்டு அரசகுமாரர்க்குக் கல்வி புகட்டும் ஆங்கில மாதாக வந்தார். அப்படத்திற் பாடல்களுக்குப் பெரும்பாலும் குரல் கொடுத்தவர் மார்னி நிக்சன். இருவரும் வாரக்கணக்கில் ஒருங்கே ஒத்திகை பார்த்தனர். இரவல் குரலை மறைத்து வைப்பதே அந்நாளைய வழக்கம். டெபோராவோ அப்பாடகியின் பங்கை வெளிப்படையாகவே கூறினார். பிறர் உழைப்பைத் தமதெனக் கொள்ள மறுத்த அப்பண்பு போற்றத்தக்கது.

இனி அந்த ஆறு முறைகளைக் காண்போம். ‘எட்வர்ட், மை சன்’ (1949), மேலே கூறிய 1953ஆம், 1956ஆம் ஆண்டுப் படங்கள், ‘ஹெவன் நோஸ், மிஸ்டர் அலிசன்’ (1957), ‘செப்பரேட் டேபிள்ஸ்’ (1958), ‘த சன்டவுனர்ஸ்’ (1960) ஆகியவற்றுக்காகச் சிறந்த நடிகைக்குரிய ஒஸ்கார் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. ஒவ்வொரு முறையும் பரிசு வேறொருவர் கைக்கே சென்றது. இதில் மற்றுமொரு விசித்திரமும் உண்டு. 1953ஆம் ஆண்டுப் படத்தில் அவருடன் நடித்த பிராங் சினாட்ராவும் டொனா ரீடும் பரிசு பெற்றனர். சீயத்து அரசராக நடித்த யூல் பிரைனர் பெற்றார். ‘செப்பரேட் டேபிள்ஸ்’ படத்தில் உடன் நடித்த டேவிட் நிவெனும் வென்டி ஹில்லரும் பெற்றனர். பக்கத்தில் நின்றோர் பரிசேந்த, இவர் கை தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை பரிசு பெற்றால் நம் வீடுகளிற் சில வேளை எழும் பெருமூச்சை எண்ணிப் பார்க்கும்போது, அக்கைதட்டலின் அருமை விளங்கும்.

ஆறாம் முறைக்குப் பின்னரும் அவர் தொழிலிற் குறை வைத்தாரல்லர். 1961இல் வந்த ‘த இன்னசென்ட்ஸ்’ படத்திற் பேயச்சத்தால் அலைக்கழியும் தாதியாக அவர் நடித்ததை அவருடைய தலைசிறந்த நடிப்பென்று கூறும் விமர்சகர் பலர். அப்படத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்படவே இல்லை! பரிசுக்கும் தகுதிக்கும் உள்ள தூரத்தை அளக்க இதுவே போதும். படங்களில் ஆபாசமும் வன்செயலும் பெருகுவதை விரும்பாத அவர், 1969க்குப் பின் திரையை விட்டு விலகி நாடக மேடையை நாடினார்.

அறுபது வயதைக் கடந்த பின்னர் டெலிவிஷன் அவரை மீண்டும் அழைத்தது. 1984இல் ‘எ வுமன் ஒவ் சப்ஸ்டன்ஸ்’ என்னும் தொடரில், வேலைக்காரச் சிறுமியாக வாழ்வைத் தொடங்கி வணிகப் பேரரசியாக உயர்ந்த எம்மா ஹார்ட்டின் முதுமைப் பருவத்தை அவர் நடித்துக் காட்டினார். அதற்காக எம்மி பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1985இல் ‘த அசாம் கார்டன்’ என்னும் படத்தில், அசாம் தேயிலைத் தோட்டத்துரை ஒருவரின் விதவையாக வந்தார். இங்கிலாந்தில் கணவர் வளர்த்த கீழைத்தேயப் பூங்காவைப் பேணும் அம்மூதாட்டிக்கும், அயலில் வாழும் இந்திய மாதுக்கும் மெல்ல அரும்பும் நட்பே கதை. மதுர் ஜாஃப்ரி அவ்விந்திய மாதாக நடித்தார்.

ஈற்றில் 1994ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒஸ்கார் விழாவில் அவருடைய வாழ்நாட் பணிக்கெனக் கௌரவப் பரிசு வழங்கப்பட்டது. முதல் முன்மொழிவு நிகழ்ந்து நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. எழுபத்திரண்டு வயதில், உடல் தளர்ந்த நிலையில் மேடைக்கு வந்த அம்மையாரைக் கண்டு சபையினர் எழுந்து நின்று ஆரவாரித்தனர். 1998இல் பிரித்தானிய அரசும் சீ.பீ.ஈ. விருதளித்தது. 2007ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி, தமது 86ஆம் வயதில், இங்கிலாந்தின் சபொக் பகுதியில் அவர் காலமானார்.

அந்த ஆறு ஆண்டுகளிலும் பரிசு பெற்ற நடிகையர் யாவரென்று கேட்டால், பட்டியலைப் புரட்டாமற் கூற வல்லார் அரியர். டெபோராவின் படங்களோ இன்றும் பார்க்கப்படுகின்றன. பரீட்சைப் பெறுபேற்றை எதிர்நோக்கி நெஞ்சு படபடக்க நிற்கும் நம் பிள்ளைகளுக்கும், அவர்களைவிட அதிகமாகப் படபடக்கும் பெற்றோருக்கும் இதனை நினைவூட்டுதல் நம் கடமையெனக் கருதுகின்றோம்.