எதிர்நோக்கும் ‘ரு’

ஆங்கிலத்தில் உத்தியோக விண்ணப்பம் எழுதுவோர் பலர், அதனை முடிக்குங்கால், ‘உங்களைச் சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்’ என்னும் கருத்துப்பட ‘ஐ லுக் போர்வேட் ரு மீற் யூ’ என எழுதிவிடுகின்றனர். ‘மீற்றிங் யூ’ என்பதே வழாநிலை. படிப்பவர் இறுதியாகக் காணும் வாக்கியம் இதுவாதலின், இவ்வழு சிறிதென விடற்பாலதன்று.

‘ரு’ என்னும் சொல் ஆங்கிலத்தில் இரு தொழில் புரிவது. ‘வோன்ற் ரு மீற்’ என்பதில் அது வினையெச்சத்தின் அடையாளம். ‘லுக் போர்வேட் ரு’ என்பதிலோ அது நம் வேற்றுமையுருபு போல்வது. ஆதலின் பெயரையே வேண்டிநிற்கும். ஐயம் நேர்ந்தவிடத்து, வினையை நீக்கிப் பெயரொன்றை வைத்துப் பார்த்தல் நன்று. ‘லுக் போர்வேட் ரு த லெற்றர்’ பொருந்தும். ‘வோன்ற் ரு த லெற்றர்’ பொருந்தாது.

தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. ‘சந்திக்க விரும்புகிறேன்’ என்போம்; ‘சந்திக்க எதிர்நோக்குகிறேன்’ என்னோம். ‘சந்திப்பதை’ எனத் தொழிற்பெயராக்கி, இரண்டாம் வேற்றுமை கொடுத்தே கூறுவோம். ‘மீற்றிங்’ என்பதும் அத்தகைய தொழிற்பெயரே. இலக்கணப் பாடத்தை ஆங்கில வகுப்பின் வாயிலிலே விட்டுச் செல்வதால் வரும் இடர் இது.

விந்தை யாதெனில், வினையெச்சத்து ‘ரு’வும் முன்னொருகால் உருபு போன்றே நின்றது. ஏறத்தாழ 1100ஆம் ஆண்டுவரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில், அது நான்காம் வேற்றுமை ஏற்ற தொழிற்பெயரோடு சேர்ந்து ‘செய்தற்கு’ என்னும் பொருள் தந்தது. பின்னர் அப்பெயரின் விகுதி தேய்ந்தொழிய, ‘ரு’வும் வெறும் வினையுமே எஞ்சின.

பொருளிலும் ஒரு வேறுபாடுண்டு. தமிழில் ஆபத்தையும் எதிர்நோக்கலாம். ஆங்கிலத் தொடரோ மகிழ்ந்து காத்திருத்தலையே குறிக்கும். இறுதிக் கிரியைக்கு வருவதாக அறிவிக்கும் கடிதத்தில் அதனை எழுதுவோன், இலக்கணம் வழுவாதிருந்தும் பகையைத் தேடிக்கொள்வான்.