மூடுபனியை மீட்டவர்கள்: பழைய கணிப்பொறி விளையாட்டுகளின் ஓவியப் புதுக்கம்

முன்னுரை

ஒரு கலைப்படைப்பு பழமை எய்தும்போது அதனை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்போர் இருவகையினர். உள்ளதை உள்ளவாறே காத்துத் தருவோர் ஒரு வகையினர். காலத்திற்கேற்பப் புதுக்கித் தருவோர் மற்றொரு வகையினர். இவ்விரு சாராரிடையே எழும் வழக்கு மிகப் பழையது. ஓவியம், சிற்பம், கட்டடம், ஏடு ஆகியவற்றின் வரலாற்றில் நாம் கண்ட அவ்வழக்கு, இன்று பலரும் எதிர்பாராத ஓரிடத்திலும் எழுந்துள்ளது. அவ்விடம் கணிப்பொறி விளையாட்டு.

தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் எனச் சான்றோர் வினவலாம். வினா தக்கதே. மாணவர்தம் பொழுதை இவ்விளையாட்டுகள் விழுங்குகின்றன என்னும் கவலை நமக்கும் உண்டு. ஈண்டு எடுத்துக்காட்டப்படும் விளையாட்டுகளுள் சில அச்சமும் வன்முறையும் மிக்கவை. அவற்றின் கதைகளைப் போற்றுதல் நம் நோக்கமன்று. எனினும், ஊதியம் கருதாத ஆர்வலர் சிலர் இவ்விளையாட்டுகளின் ஓவியங்களைப் புதுக்க ஆண்டுக்கணக்கில் உழைத்துள்ளனர். அவர்தம் உழைப்பில் பழைய நூல்களைப் பயில்வோரும் கற்றுக்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய ஓவியத்தின் இயல்பு

கணிப்பொறித் திரையில் தோன்றும் எப்படமும் புள்ளிகளால் ஆனது. 1993 டிசம்பரில் அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட 'டூம்' என்னும் விளையாட்டின் திரையில் குறுக்கே 320 புள்ளிகளும் நெடுக்கே 200 புள்ளிகளும் இருந்தன. ஆக மொத்தம் 64,000 புள்ளிகள், வண்ணங்களோ 256. இன்று பரவலாகப் பயன்படும் திரையில் 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகள் உள. சிறு திரைக்கென வரைந்த ஓவியத்தை அத்துணைப் பெரிய பரப்பில் விரித்தால், ஒவ்வொரு புள்ளியும் செங்கல்லைப் போல் பருத்துத் தோன்றும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இதனால் பழைய ஓவியர்கள் திறன் குறைந்தவர்கள் என்று முடிவு கட்டுதல் பிழையாகும். அவர்கள் தம் காலத்துக் கருவியின் குறையையே துணையாகக் கொண்டனர். ஜப்பானின் செகா நிறுவனம் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட 'சோனிக் த ஹெட்ஜ்ஹாக்' விளையாட்டில் ஓர் அருவி வருகிறது. நீரின் ஊடே பின்னுள்ள பொருள் தெரியுமாறு காட்டுதல் அன்றைய கருவிக்கு எளிதன்று. ஆகவே ஓவியர்கள் ஒரு கோடு நீராகவும் அடுத்த கோடு வெற்றிடமாகவும் மாறி மாறி வரைந்தனர். அக்காலத்துக் குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டியில் அருகருகே உள்ள வண்ணங்கள் சற்றே ஒன்றில் ஒன்று கலங்கும். அக்கலக்கத்தில் கோடுகள் மறைந்தன. ஊடு தெரியும் நீர் தோன்றியது. அதே படத்தை இன்றைய தெளிந்த திரையில் காண்பவர்க்கு நீர் தெரிவதில்லை. வேலிக் கம்பிகளே தெரிகின்றன. திரை தெளிந்தது, ஓவியம் கெட்டது! இது கருதியே ஆர்வலர் சிலர் பழைய குழாய்த் திரையின் கலக்கத்தைப் புதிய திரையில் போலச் செய்து காட்டும் மென்பொருள்களை எழுதியுள்ளனர்.

புதுக்கும் வழிகள்

ஆர்வலர்கள் கையாளும் வழிகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, விளையாட்டை இயக்கும் நிரலைத் திருத்துதல். 1997 டிசம்பரில் 'டூம்' விளையாட்டின் மூல நிரலை ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்டது. அந்நிரலை எழுதியவர்களுள் தலையாயவர் ஜான் கார்மாக் என்பார். 1999ஆம் ஆண்டில் அந்நிரல் எவரும் திருத்திப் பகிரத்தக்க கட்டற்ற உரிமத்தின்கீழ் வந்தது. அதன் பயனாய் ஆர்வலர்கள் அதனைப் பெரிய திரைகளுக்கும் புதிய கணிப்பொறிகளுக்கும் ஏற்பத் திருத்தினர். நிரல் திறக்கப்பட்டதேயன்றி ஓவியமும் இசையும் உரிமையாளரிடமே இருந்தன என்பதும் ஈண்டு நினைவிற்குரியது.

இரண்டாவது, ஓவியங்களை மாற்றி வைத்தல். முப்பரிமாண விளையாட்டில் சுவர், தரை, மரம் ஆகியவை வெற்றுக் கூடுகளே. அவற்றின்மீது படங்கள் ஒட்டப்பட்டிருக்கும். நிண்டெண்டோ நிறுவனத்தின் பழைய கருவிகளைக் கணிப்பொறியில் போலச் செய்யும் 'டால்ஃபின்' போன்ற மென்பொருள்கள், அப்படங்களைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்தெடுத்துத் தரும். அதே பெயரில் நுணுக்கமான புதிய படமொன்றை வைத்தால், விளையாட்டு பழையதற்கு ஈடாகப் புதியதை ஏற்றுக்கொள்ளும்.

மூன்றாவது, முழுவதையும் அடியிலிருந்து கட்டுதல். 1998ஆம் ஆண்டு வெளிவந்த, வால்வ் நிறுவனம் உருவாக்கிய 'ஹாஃப் லைஃப்' விளையாட்டை ஆர்வலர் குழுவொன்று 'பிளாக் மேசா' என்னும் பெயரில் மீண்டும் உருவாக்கியது. அதன் முதற்பகுதி 2012இல் இலவசமாக வெளிவந்தது. முழுமையான வடிவம் 2020இல் வெளிவந்தது.

மூடுபனியின் கதை

1999ஆம் ஆண்டு ஜப்பானின் கொனாமி நிறுவனம் 'சைலண்ட் ஹில்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. மூடுபனி சூழ்ந்த ஓர் அமெரிக்கச் சிற்றூரில் கதை நிகழ்கிறது. அன்றைய கருவியால் நெடுந்தொலைவு வரை வீதிகளை வரைந்து காட்ட இயலவில்லை. இயலாமையை மறைக்கப் பனி பெய்விக்கப்பட்டது. ஆனால் அப்பனியே கதையின் உயிராயிற்று. எதிரே என்ன வருகிறது என்று அறியாத நடுக்கத்தைத் தந்தது அதுவே. 2001ஆம் ஆண்டு சற்று வலிய கருவிக்கென வெளிவந்த இரண்டாம் பாகத்திலும் பனி நீடித்தது. அடுத்த ஆண்டே அது கணிப்பொறிக்கும் வந்தது.

2012ஆம் ஆண்டில் அவ்விரண்டாம் பாகம் உயர்தெளிவுத் தொகுப்பொன்றில் மீண்டும் வெளியிடப்பட்டது. புதிய திரைக்கேற்பப் படங்கள் தெளிவாக்கப்பட்டன, பனியோ மெலிந்துபோயிற்று. பனிக்குப் பின்னால் மறைந்திருந்த முடிவுறாத நிலப்பரப்பும், ஏரிநீர் திடீரென அற்றுப்போகும் விளிம்பும் வெளிப்பட்டன. இந்நிலைக்குக் காரணமாகத் தயாரிப்பாளர் கூறிய செய்தி நம்மைத் திடுக்கிடச் செய்வது. முழுமை பெற்ற இறுதி மூல நிரல் பேணப்படவில்லை. முற்றுப்பெறாத முந்தைய நிரலை வைத்துக்கொண்டே பணியாற்ற நேர்ந்தது என்பதே அது. விளையாட்டு வெளிவந்து பதினோராண்டுகள்கூட முழுமையாக நிறைவுறா நிலையில், மூலம் அதன் சொந்த வீட்டிலேயே தொலைந்திருந்தது!

பின்னர் ஆர்வலர் சிலர் கூடிக் கணிப்பொறி வடிவத்தை எடுத்துக்கொண்டனர். அது புதிய கணிப்பொறிகளில் சரிவர இயங்காத நிலையில் இருந்தது. அதனை அவர்கள் அகன்ற திரைக்கு ஏற்ப விரித்தனர், ஒலியைச் சீர்செய்தனர், முதல் வடிவத்தோடு ஒப்பிட்டுப் பனியின் அடர்த்தியை மீட்டனர். இப்பணி இலவசமாகவே வழங்கப்படுகிறது. தெளிவைக் கூட்டுவதே புதுக்கம் என்று உலகம் எண்ணியிருக்க, தெளிவின்மையை மீட்டுத் தருவதும் புதுக்கமே என்பதை இவர்கள் உணர்த்தினர்.

சுவரைத் தேடிச் சென்றோர்

கேப்காம் நிறுவனம் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட 'ரெசிடெண்ட் ஈவில் 4' விளையாட்டின் உயர்தெளிவுக் கணிப்பொறி வடிவம் 2014ஆம் ஆண்டு வந்தது. அதன் படங்களில் நிறைவு காணாத ஆர்வலர் இருவர், தாமே அவற்றைத் திருத்தத் தொடங்கினர். அப்பணி 2022 பிப்ரவரியில் நிறைவுற்றது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள்!

அவர்கள் கையாண்ட முறை நம் கவனத்திற்குரியது. விளையாட்டிலுள்ள கற்சுவர்களும் கதவுகளும் மெய்யான கட்டடங்களின் ஒளிப்படங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அக்கட்டடங்கள் எவை என்பதைத் தேடிக் கண்டறிந்து, ஸ்பெயினிலும் வேல்ஸிலும் உள்ள இடங்களுக்கே சென்று, அதே கல்லை அவர்கள் மீண்டும் படம் பிடித்தனர். மங்கிய படியைத் திருத்த மூலத்தையே நாடிச் சென்ற செயல் இது. அவர்தம் ஆக்கத்தைப் பயன்படுத்த விரும்புவோர் கேப்காம் வெளியிட்ட விளையாட்டை விலைகொடுத்து வாங்கியிருத்தல் வேண்டும்.

இதே படங்கள் வேறொரு வழக்கிற்கும் இடமாயின. 1996இல் வெளிவந்த தம் ஒளிப்படத் தொகுப்பிலிருந்து உரிமம் இன்றிப் படங்கள் எடுத்தாளப்பட்டன எனக் குற்றஞ்சாட்டி, ஜூடி ஜூராசெக் என்னும் ஒளிப்படக் கலைஞர் 2021இல் கேப்காம் மீது வழக்குத் தொடுத்தார். 2022இல் அது இணக்கமாக முடிவுற்றது. மூலத்திற்கும் ஒரு மூலம் உண்டென்பதை இது காட்டுகிறது.

கருவியின் ஊகம்

எட்டாண்டு உழைப்பை எட்டு நாழிகையில் முடிக்கும் கருவிகளும் இன்று வந்துவிட்டன. 2018ஆம் ஆண்டு ஹாங்காங், சீனா, சிங்கப்பூர் ஆய்வாளர்கள் உருவாக்கிய 'ஈஎஸ்ஆர்கேன்' என்னும் செயற்கை நுண்ணறிவு முறை, சிறு படத்தை அகலத்தில் நான்கு மடங்கும் உயரத்தில் நான்கு மடங்கும் பெருக்கித் தரும். ஆர்வலர்கள் இதனைப் பெருவிருப்போடு கையாண்டனர். ஆயினும் நாம் ஒரு கணக்கை எண்ணிப்பார்த்தல் வேண்டும். ஒரு புள்ளி இருந்த இடத்தில் இப்போது 16 புள்ளிகள்! மிகுந்த 15க்கும் மூலத்தில் நேர்ச்சான்று இல்லை. தான் முன்னர்க் கண்ட பல்லாயிரம் படங்களைக்கொண்டு கருவி ஊகித்து நிரப்பியவை அவை.

ஏடுகளைப் பதிப்பித்த நம் அறிஞர் பெருமக்களை ஈண்டு நினையாதிருக்க இயலவில்லை. செல்லரித்த இடத்தைத் தம் மனம்போல் அவர்கள் நிரப்பிவிடவில்லை. புள்ளியிட்டு இடம் விட்டனர். வேறு ஏட்டில் வேறு பாடம் காணின் அடிக்குறிப்பில் தந்தனர். கருவி அவ்வாறு இடம் விடுவதில்லை. அறிந்ததையும் அறியாததையும் ஒரே தெளிவில் அது வரைந்துவிடுகிறது. எது மூலம், எது இடைச்செருகல் எனப் பிரித்தறியக் காண்போர்க்கு வழியில்லை.

பொருளறியாது மெருகேற்றுவதால் விளைவது யாது என்பதற்குச் சான்றொன்று கூறுவோம். 2021 நவம்பரில் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வரிசையின் மூன்று பழைய விளையாட்டுகள் உரிமை பெற்ற நிறுவனத்தாலேயே புதுக்கி வெளியிடப்பட்டன. டோநட் என்னும் இனிப்புப் பண்டம் விற்கும் கடையின் முகப்பில் ஆறு முனை கொண்ட இரும்பு நட்டு ஒன்று இருந்தது. பண்டத்தின் பெயரிலுள்ள 'நட்' என்னும் ஒலியைக்கொண்டு செய்த சிலேடை அது. புதுக்கத்தில் நட்டின் முனைகள் மழுங்கி வட்டமாயின, சிலேடையும் செத்தது. தொலைவை மறைத்த மங்கல் நீங்கியமையால், பரந்த நாடாகத் தோன்றிய நிலப்பரப்பு கைக்கடக்கமாகச் சுருங்கித் தெரிந்தது. எதிர்ப்பு வலுக்கவே ராக்ஸ்டார் நிறுவனம் அம்மாதமே வருத்தம் தெரிவித்தது. பழைய ஒளியமைப்பைத் தேர்ந்துகொள்ளும் வசதி 2024 நவம்பரில் சேர்க்கப்பட்டது.

உரிமைச் சிக்கல்

அன்பினால் செய்த பணியாயினும் பிறர் உடைமையில் கைவைத்தல் தகுமா என்னும் வினா எழுகிறது. நிறுவனங்கள் இதற்கு ஒரே விடை தரவில்லை. 'பிளாக் மேசா' ஆக்கத்தை விலைக்கு விற்கவும் வால்வ் நிறுவனம் இசைந்தது. நிண்டெண்டோ அவ்வாறு இசையவில்லை. அதன் 1991ஆம் ஆண்டு விளையாட்டான 'மெட்ராய்டு 2' நான்கு சாயல்களே காட்டவல்ல சிறு கைக்கருவிக்கென ஆக்கப்பட்டது. ஆர்வலர் ஒருவர் பல்லாண்டு முயன்று அதனை வண்ணத்தில் மீளப் படைத்து 2016 ஆகஸ்டில் வெளியிட்டார். சில நாள்களிலேயே நிறுவனத்தின் அறிவிப்பால் அது விலக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நிறுவனமே தன் புதுக்கத்தை வெளியிட்டது.

சட்டத்தின் கண்கொண்டு நோக்கின் உரிமையாளர் செயலில் குறை காண்பதற்கில்லை. படைத்தோன் உழைப்பைச் சட்டம் காத்தல் வேண்டும். ஆயினும் மற்றொரு பக்கமும் உண்டு. 2010ஆம் ஆண்டிற்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று கடைகளில் கிடைப்பதில்லை என்று, வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. உரிமை உடையோர் விற்பதும் இல்லை, பேணுவதும் இல்லை, பேணுவோர்க்கு உரிமையும் இல்லை என்னும் நிலை நீடிக்குமாயின், இழப்பு அனைவர்க்கும் பொதுவாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் புதுக்குவோர்க்குரிய கடமைகளென மூன்றைத் தொகுத்துரைக்கலாம். குறையெனத் தோன்றுவதை நீக்குமுன் அஃது ஏன் அங்கு வைக்கப்பட்டது என ஆராய்தல் ஒன்று. ஊகத்தால் நிரப்பியதை ஊகமென்று வெளிப்படக் கூறுதல் மற்றொன்று. புதியதன் அருகில் பழையதையும் காண வகைசெய்தல் மூன்றாவது. இவற்றுள் இறுதியதே தலையாயது. ஏனைய இரண்டில் தவறு நேரினும், மூலம் கையிலிருக்குமாயின் பின்வருவோர் திருத்திக்கொள்ள இயலும். மூலம் தொலைந்தபின் திருத்துவதற்கு எதுவுமில்லை.

நம் மாணவர் பலர் கருவிகளைக் கையாள்வதில் ஆசிரியரை விஞ்சியவர். பழைய நூல்களையும், வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் கையெழுத்துப் படிகளையும், மங்கிய ஒளிப்படங்களையும் கணிப்பொறியில் ஏற்றும் பணி இனி அவர்கள் கைக்கே வரும். மங்கிய முகமொன்றைக் கருவியிடம் கொடுத்தால் நொடிப்பொழுதில் தெளிந்த முகமொன்று கிடைக்கும். அது நம் முன்னோர் முகம்தானா, கருவி வரைந்த வேறொரு முகமா என ஐயுறும்போது ஒப்பிட்டுப் பார்க்க மங்கிய படம் கையில் இருத்தல் வேண்டும். ஆதலின் புதுப்படி எடுத்தபின் பழம்படியைக் களையாது, எப்போது, எவரால், எங்ஙனம் திருத்தப்பட்டது என்னும் குறிப்போடு இரண்டையும் சேர்த்தே வைக்குமாறு மாணவச் செல்வங்களை வேண்டுகிறோம்.