சர்க்கரை வெடிக்குமா?

காப்பியில் ஒரு கரண்டி சர்க்கரை போடும்போது, இது வெடிக்கக்கூடிய பொருள் என்று என்றைக்காவது நினைத்ததுண்டா? "சர்க்கரையாவது, வெடிப்பதாவது!" என்று சிரிப்பீர்கள்.

ஆனால் அது வெடித்திருக்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள போர்ட் வென்ட்வொர்த் என்னும் ஊரில், இம்பீரியல் நிறுவனத்தின் சர்க்கரை ஆலையில் 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் இரவு அடுத்தடுத்துப் பல வெடிப்புகள் நிகழ்ந்தன. 14 தொழிலாளர்கள் மாண்டனர். 36 பேர் காயமுற்றனர். வெடித்தது வெடிமருந்து அல்ல, சர்க்கரைத் தூசிதான்.

இதன் காரணத்தை அடுப்பங்கரையிலேயே காணலாம். பெரிய விறகுக்கட்டை எளிதில் பற்றுவதில்லை. அதையே சிராய்களாகச் சீவினால் சட்டெனப் பற்றிக்கொள்கிறது. ஏன்? எரிதல் என்பது பொருள் ஆக்ஸிஜனுடன் சேர்வது. அது நிகழும் இடம் பொருளின் மேற்பரப்பு.

ஒரு கணக்குப் போடுவோம். 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதை 1 மி.மீ. பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டினால் 1,000 துண்டுகள். மொத்த மேற்பரப்பு 60 சதுர செ.மீ. பக்கத்தை 0.1 மி.மீ. ஆக்கினால் 10 லட்சம் துண்டுகள். மேற்பரப்பு 600 சதுர செ.மீ. சர்க்கரையின் அளவு கூடவில்லை; ஆக்ஸிஜன் தொடும் பரப்பு மட்டும் 100 மடங்காகிவிட்டது!

தூசி வெடிக்க ஐந்து சேர வேண்டும்: எரியும் தூசி, ஆக்ஸிஜன், தீப்பொறி அல்லது கடுஞ்சூடு, தூசி காற்றில் போதிய அளவு மிதப்பது, அடைபட்ட இடம். துகள்கள் நொடிப்பொழுதில் எரிய, காற்று சூடேறி விரியும். விரிய இடமில்லையென்றால் அழுத்தம் ஏறிச் சுவரையே பிளக்கும்.

போர்ட் வென்ட்வொர்த்தில் இந்த ஐந்தும் சேர்ந்தன. களஞ்சியங்களின் அடியில் சர்க்கரையைச் சுமந்து செல்லும் நீண்ட கன்வேயர் பெல்ட் ஒன்று ஓடியது. சர்க்கரையில் அழுக்கு விழாதிருக்க, 2007-இல் அதைச் சுற்றி எஃகுத் தகடு அடைத்தார்கள். நல்ல நோக்கம்தான்; ஆனால் தூசி வெளியேற வழி வைக்கவில்லை. அளவுக்கு மீறிச் சூடான ஒரு பேரிங் அந்தத் தூசியைப் பற்ற வைத்திருக்கலாம் என்று விசாரணையில் கருதப்பட்டது.

முதல் வெடிப்போடு முடிந்திருந்தால் சேதம் குறைந்திருக்கும். அதன் அதிர்ச்சி அலை, தரையிலும் உத்திரங்களிலும் இயந்திரங்களின்மேலும் படிந்து கிடந்த தூசியை உலுக்கிக் காற்றில் எழுப்பியது. பின்னால் வந்த தீ அதைப் பற்றியது. இப்படி வெடிப்பு அறைக்கு அறை தாவியது. படிந்து கிடந்தபோது வெறும் அழுக்கு, எழும்பியபோது எமன்!

இது புதிய செய்தியும் அல்ல. 1785-இல் இத்தாலியின் டூரின் நகரில் ஒரு மாவுக் கிடங்கு வெடித்தது. 1878-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒரு மாவு ஆலை வெடித்து 18 பேர் இறந்தனர். மரத்தூள், நிலக்கரித்தூள், அலுமினியத்தூள் ஆகியவையும் இப்படி வெடிக்கும். போர்ட் வென்ட்வொர்த் ஆலையின் நிர்வாகிகளும் தூசி அபாயத்தைப் பற்றி 1967-லேயே தங்களுக்குள் கடிதம் எழுதியிருந்தார்கள். அபாயம் தெரிந்திருந்தும் தூசி தங்கிவிட்டது. அந்த விபத்து தவிர்த்திருக்கக்கூடியது என்றே விசாரணை அறிக்கை கூறியது.

தடுக்கும் வழி என்ன? தூசி கசியாத இயந்திரங்கள், தூசியை உறிஞ்சி அகற்றும் குழாய்கள், சூடேறாதபடி பராமரித்த பேரிங்குகள், அன்றாடத் துப்புரவு. அழுத்தக் காற்றால் ஊதித் தள்ளுவது துப்புரவு ஆகாது. அது தூசியை மிதக்கவிடும். 0.8 மி.மீ., அதாவது ஒரு பேப்பர் கிளிப்பின் கனத்துக்குத் தூசி பரவலாகப் படிந்தாலே அபாயம் என்பது தீத்தடுப்பு நிபுணர்களின் கணக்கு.

ஓர் எச்சரிக்கை: மாவையோ சர்க்கரைத்தூளையோ நெருப்பின்மேல் தூவிப் பார்க்காதீர்கள். முகமும் கண்ணும் வெந்துபோகும்.

நாளை உங்களில் சிலர் ஆலைகளில் பொறியாளர்களாகவும் மேலாளர்களாகவும் அமர்வீர்கள். செலவைக் குறைக்கத் துப்புரவு ஆட்களைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால், இந்த 600 சதுர செ.மீ. கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். ஆலையில் தூசியைக் கூட்டுகிறவர் அழகுக்காகக் கூட்டவில்லை. அங்குள்ள எல்லோருடைய உயிரையும் காக்கிறார்.