அழித்த புத்தகத்துக்கு விழா எடுத்த நகரம்

1912ஆம் ஆண்டு டப்ளின் நகர அச்சகம் ஒன்று, தான் அச்சடித்து முடித்திருந்த ஒரு சிறுகதைத் தொகுப்பின் தாள்களை வெளியே விடாமல் அழித்துவிட்டது. ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய 'டப்ளினர்ஸ்' அது. ஊரில் உண்மையாகவே இருந்த மதுக்கடைகளும் வணிக நிலையங்களும் கதைகளில் பெயரோடு வந்ததால், யாராவது வழக்குப் போடுவார்கள் என்று பதிப்பாளர் அஞ்சினார். கசப்போடு ஊரைவிட்டுக் கிளம்பிய ஜாய்ஸ் அதன்பின் டப்ளினில் கால்வைக்கவே இல்லை. நூல் 1914இல் லண்டனில் வெளிவந்தது. முதல் அச்சு அழிக்கப்பட்டு நூறு ஆண்டுகள் ஆன 2012இல், டப்ளின் நகரப் பொது நூலகங்கள் அதே தொகுப்பைக் கையிலெடுத்து, ஏப்ரல் மாதம் முழுவதும் ஊரே சேர்ந்து படிக்கலாம் வாருங்கள் என்று அழைத்தன. ஒரு நகரத்தைக் கொண்டாட எத்தனையோ வழிகள் உண்டு. சிலை வைக்கலாம், வாணவேடிக்கை விடலாம், ஊர்வலம் போகலாம். இவற்றில் எதிலும் அந்த நகரத்தின் மேல் குறை சொன்னவருக்கு இடம் கிடைப்பதில்லை. நூலகம் கொண்டாடும்போது மட்டும் அந்த இடம் கிடைக்கிறது, ஏனென்றால் ஊரின் பெருமையும் ஊர்மேல் வந்த புகாரும் அங்கே ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. டப்ளினின் அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இதுதான்.

இந்த ஏற்பாட்டின் விதை டப்ளினுடையது அல்ல. 1998இல் அமெரிக்காவின் சியாட்டில் பொது நூலகத்தில் பணியாற்றிய நூலகர் நான்சி பெர்ல், நகரத்தார் அனைவரும் ஒரே நூலைப் படித்தால் என்ன என்று கேட்டு அதைச் செய்தும் காட்டினார். அங்கே தேர்வான ரஸல் பேங்க்ஸின் நாவல், சியாட்டிலுக்குத் தொடர்பே இல்லாத ஒரு சிற்றூரில் நடந்த பள்ளிப் பேருந்து விபத்தைப் பற்றியது. சேர்ந்து படிப்பதே அங்கு நோக்கமாக இருந்தது. 2006இல் ஃபிளான் ஓ'பிரையனின் நாவலோடு தொடங்கிய டப்ளின், நூல் தன் ஊரோடு ஏதேனும் ஒரு வகையில் உறவுடையதாக இருக்கவேண்டும் என்று பார்த்துக்கொண்டது. கதை அங்கே நடக்கலாம், எழுதியவர் அந்த ஊர்க்காரராக இருக்கலாம். இரண்டாவது வகையில்தான் 2008இல் ஸ்விஃப்டின் 'கலிவரின் பயணங்க'ளும் அடுத்த ஆண்டு பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வும் வந்தன. அருமையான நூல்கள்தான். ஆனால் அந்த ஆண்டுகளில் நகரம் கொண்டாடியது தன் பிள்ளைகளின் புகழை; தன் தெருக்களைத் திரும்பிப் பார்க்கும் வாய்ப்பு அதில் குறைவு. இத்திட்டத்தின் உண்மையான வலிமை தெரிந்தது 2013இல்.

அந்த ஆண்டின் நூல், ஜேம்ஸ் பிளங்கெட் 1969இல் வெளியிட்ட 'ஸ்ட்ரம்பெட் சிட்டி'. 1907 முதல் 1914 வரையிலான டப்ளின்தான் அதன் களம். கதையின் உச்சம் 1913இன் கதவடைப்பு. ஜேம்ஸ் லார்க்கின் கட்டிய தொழிற்சங்கத்தைவிட்டு விலகுவதாக எழுதித் தரவேண்டும் என்று முதலாளிகள் கேட்டார்கள். மறுத்தவர்களுக்கு வேலை இல்லை. ஏறத்தாழ 20,000 தொழிலாளர்களின் குடும்பங்கள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து, கடைசியில் தோற்றன. அந்தக் குடும்பங்களில் பல, ஒரு காலத்தில் பிரபுக்கள் வாழ்ந்த மாளிகைகளை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்ட இடிபாடுகளில் வசித்தன. கதவடைப்பு தொடங்கிய சில நாட்களில், செப்டம்பர் 1913இல், சர்ச் தெருவில் அப்படிப்பட்ட வீடுகள் இடிந்து விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். பிளங்கெட்டின் நாவலில் தொழிலாளியும் வருகிறான், பாதிரியாரும் வருகிறார், வசதி படைத்தவரும் வருகிறார். நாயொன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு நிலவறையில் காலம் தள்ளும் ரேஷர்ஸ் என்ற ஏழைக் கிழவனும் வருகிறான். அவனைப் படித்தவர்களால் அவனை மறக்க முடியாது. கதவடைப்பின் நூற்றாண்டில் இந்த நாவலை நூலகம் ஊருக்குக் கொடுத்தபோது, வரலாற்று நூல்களில் எண்ணிக்கையாக மட்டும் இருந்த மக்கள் முகத்தோடும் குரலோடும் திரும்பி வந்தார்கள். பலருக்கு அது சொந்தத் தாத்தா பாட்டியின் கதை. ஒரு நகராட்சி தன் ஏழைகளை எப்படி வாழவிட்டது என்பதை, அதே நகராட்சியின் பணத்தில் நடக்கும் நூலகம் எடுத்துச் சொன்னது.

இதெல்லாம் சுற்றுலா விளம்பரம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. 2010இல் யுனெஸ்கோ டப்ளினுக்கு இலக்கிய நகரம் என்ற தகுதியைக் கொடுத்தது. அதற்குப்பின் எழுத்தாளர் பெயரைச் சொல்லி வணிகம் செய்வதும் நடக்கத்தான் செய்கிறது. அதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் விளம்பரம் தேடும் ஒருவர் இடிந்த வீட்டையும் பட்டினியையும் முன்னே வைக்கமாட்டார். இன்னொரு மறுப்பு கனமானது. எல்லோரும் ஒரே நூலைப் படிப்பது சுவையை மழுக்கிவிடும் என்பது அது. அமெரிக்க விமர்சகர் ஹாரால்ட் ப்ளூம் இத்தகைய திட்டங்களை வெளிப்படையாகவே எதிர்த்தார். வாசிப்பு தனி மனிதரின் ஆழ்ந்த செயல் என்பதே அவருடைய நிலை. 2002இல் நியூயார்க்கில் தேர்வுக் குழுவினர் இரண்டு நூல்களுக்கிடையே முடிவெடுக்க முடியாமல் பிரிந்ததும் அவர் பக்கத்துக்கு வலுச் சேர்ப்பதாகத் தோன்றலாம். எனக்கு அது வேறுவிதமாகப் படுகிறது. வாசிப்பது தனியாகத்தான், வாசித்ததைப் பற்றிச் சண்டையிட இன்னொருவர் வேண்டும். அவரும் அதே நூலைப் படித்திருந்தால்தான் அந்தச் சண்டைக்குப் பொருள் உண்டு. ஆண்டில் ஒரு மாதம் ஒரு நூலைப் பொதுவில் வைப்பதால் மீதி நூல்கள் அலமாரியைவிட்டுப் போய்விடுவதில்லை.

விழாவுக்குச் செலவழிக்கும் பணத்தில் கூடுதலாகப் புத்தகம் வாங்கலாமே என்ற கேள்வி நியாயமானது. கிளை நூலகம் பூட்டிக் கிடக்க, மேடையில் மட்டும் விளக்கெரிந்தால் அதை யாரும் ஆதரிக்கக்கூடாது. டப்ளினில் விழாவின் அடித்தளமே இரவல்தான். தேர்வான நூலின் படிகள் கிளைகளில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உரை, நடைப்பயணம், நாடக வாசிப்பு, இசை என்று மற்றவையெல்லாம் அதைச் சுற்றி வருகின்றன. 2019 தொடக்கத்திலிருந்து அயர்லாந்தின் பொது நூலகங்களில் தாமதக் கட்டணமும் கிடையாது. நூலைத் திருப்பித் தரத் தவறிவிட்டோமே என்று கூசி ஒதுங்கியவர் தயங்காமல் மறுபடி உள்ளே வரலாம். அப்படி வருபவர் இருக்கும்வரை விழாவுக்கான செலவை வீண் என்று சொல்லமாட்டேன்.

அதே 2019இல் தேர்வானவை எட்னா ஓ'பிரையனின் 'தி கன்ட்ரி கேர்ள்ஸ்' தொடங்கிய மூன்று நாவல்கள். கிராமத்திலிருந்து டப்ளினுக்கு வரும் இரண்டு பெண்களின் ஆசைகளை ஒளிக்காமல் எழுதியதற்காக, முதல் நாவல் 1960இல் வெளிவந்ததுமே அயர்லாந்தில் தடை செய்யப்பட்டது. அரசு தடுத்த நூலை அரசுப் பணத்தில் இயங்கும் நூலகமே ஊர்முழுக்கக் கொடுத்தபோது, எழுதியவரும் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார். அதற்கு மூன்றாண்டு முன்பு, 2016இல், டப்ளின் இன்னும் துணிந்து எல்லைக்கு அப்பால் வட அயர்லாந்திலுள்ள பெல்ஃபாஸ்டையும் சேர்த்துக்கொண்டது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியின் நூற்றாண்டு அது. பெல்ஃபாஸ்டில் பலருக்கு 1916 என்றால் முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து சோம் போர்க்களத்தில் மாண்ட தங்கள் ஊர் இளைஞர்களின் நினைவுதான் வரும். இரு நகரங்களும் சேர்ந்து படித்த லியா மில்ஸின் 'ஃபாலன்' நாவலின் நாயகி, பிரிட்டிஷ் படையில் சேர்ந்த தன் இரட்டைச் சகோதரனைப் போரில் பறிகொடுத்துவிட்டு, அந்தத் துக்கம் ஆறும் முன்பே தன் ஊரில் எழுச்சியின் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்கிறாள்.