கொதிகலன் அறையில் கச்சேரி: ஒரு பழைய பீர் ஆலையின் வாடகைக் கணக்கு

திருவண்ணாமலையில் பழைய பீர் ஆலை எதுவும் கிடையாது. இருந்திருக்கவும் வழியில்லை. பீர் காய்ச்ச நெருப்பு வேண்டும். அதைவிடக் குளிர் வேண்டும். லாகர் வகை பீர் சுமார் 10 டிகிரி செல்சியஸில் நொதித்து, பிறகு உறைநிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். சித்திரை வெயிலில் கிரிவலப் பாதையில் கால் வைக்க முடியாத ஊரில், குளிர்பதன இயந்திரம் வராத காலத்தில் அது நடக்கிற காரியமா? வெள்ளைக்காரர்கள் அதனால்தான் கசௌலி, நீலகிரி, இலங்கையின் நுவரெலியா என்று மலையேறிப் போய் ஆலை வைத்தார்கள். இயந்திரம் வந்து குளிர்ப் பிரச்சினை தீர்ந்த பிறகு மதுவிலக்கு வந்துவிட்டது. 1937-இல் சேலத்தில் தொடங்கி, 1948-க்குள் சென்னை மாகாணம் முழுவதையும் பிடித்தது. 1971 வரை நீடித்தது.

அப்படியிருக்க, இந்த ஊர் வாசகருக்குப் பீர் ஆலைக் கதை எதற்கு? ஓடாமல் நின்றுபோன பெரிய ஆலையை ஊருக்குப் பயன்படும் இடமாக மாற்றுவது எப்படி என்று உலகம் பரிசோதித்துப் பார்த்த இடங்களில் பீர் ஆலைகளும் உண்டு. நம் மாவட்டத்தில் நின்றுபோகும் ஆலைகள் வேறு வகை. கேள்வி மட்டும் அதேதான்.

ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் அறை எடுத்துத் தங்கும் ஜெர்மானியர்களில் பெர்லின்காரர் யாராவது இருந்தால், 'குல்டூர்பிரவுரை' தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். பெர்லினின் வடபகுதியான பிரென்ஸ்லாவர் பெர்க்கில், சுமார் 25,000 சதுர மீட்டரில், அதாவது ஆறு ஏக்கர் சொச்சத்தில், மஞ்சள் செங்கல் கோட்டை மாதிரி நிற்கும் வளாகம் அது. ஆறு முற்றங்கள், இருபதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள். 1842-இல் தொடங்கிய சின்ன பீர் ஆலை ஒன்றை 1853-இல் யோப்ஸ்ட் ஷுல்ட்ஹைஸ் வாங்கித் தன் பெயரை வைத்தார். 1864-இல் அது ரோசிக்கே குடும்பத்தின் கைக்குப் போனது. பெயரை மட்டும் மாற்றவில்லை. 1870-களின் இறுதியிலிருந்து அதை இன்றைய உருவத்துக்கு வளர்த்தவர் பிரான்ஸ் ஷ்வெக்டன் என்ற கட்டடக் கலைஞர். பெர்லினில் உலகப்போர் குண்டுவீச்சில் கோபுரம் உடைந்தபடியே விடப்பட்டிருக்கிறதே கைசர் வில்ஹெல்ம் தேவாலயம், அதைக் கட்டியவரும் அவரே.

பீர் தயாரிப்பின் ஒவ்வொரு படிக்கும் தனிக் கட்டடம் தேவைப்பட்டது. குழந்தைக்குக் கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி வறுப்பதைப் போலத்தான் இங்கே பார்லிக்கும் நடக்கிறது. அதற்கு அகலமான தளங்களும் ஒரு சூளையும் வேண்டும். தானியத்தை மேல்மாடிக்கு ஏற்றிவிட்டால் அது தன் எடையாலேயே கீழே இறங்கி, அரைபட்டு, வெந்நீரில் கலந்து, அடுத்தடுத்த கலங்களுக்குப் போகும். ஆகவே உயரமான கட்டடங்கள். நீராவிக்குக் கொதிகலன் கூடம், பக்கத்தில் இயந்திரக் கூடம். தரைக்கு அடியில் வளைவுக் கூரை போட்ட குளிர் நிலவறைகள். பீப்பாய் வண்டி இழுத்த குதிரைகளுக்கு லாயம். அந்த வண்டிகள் வளைந்து திரும்ப முற்றங்கள்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்தால் மாற்றுப் பயன்பாடு தானாகவே தெரிகிறது. தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள கொதிகலன் கூடத்தில் இசை நிகழ்ச்சி நடத்தினால் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் தூக்கம் கெடாது. இன்று அங்கே நடப்பதும் அதுதான். 'கெஸ்ஸல்ஹவுஸ்', அதாவது கொதிகலன் வீடு என்றே அந்த அரங்குக்குப் பெயர். பக்கத்து அரங்கின் பெயர் 'மஷீனன்ஹவுஸ்', இயந்திர வீடு. குதிரை வண்டி திரும்பிய முற்றத்தில் டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை போடுகிறார்கள். பல திரைகள் கொண்ட சினிமா, அலுவலகங்கள், சூப்பர் மார்க்கெட் ஆகியவற்றோடு, அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் நடிக்கும் 'ராம்பாஸாம்பா' நாடகக் குழுவும் அங்கே இயங்குகிறது. கிழக்கு ஜெர்மனியில் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்று காட்டும் அருங்காட்சியகம் 2013-இல் திறந்தது. அதற்கு நுழைவுக் கட்டணமில்லை. மழைக்கு ஒதுங்கியவர்கூட உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இதெல்லாம் ஒரே நாளில் வந்ததல்ல. வந்த வரிசைதான் கவனிக்க வேண்டியது. 1967-இல் பீர் காய்ச்சுவது நின்றது. கம்யூனிச அரசின் காலம். நிலத்துக்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாது, இடிக்க யாருக்கும் அவசரமில்லை. ஒரு பகுதி மரச்சாமான் கிடங்காக ஓடியது; ஒரு மூலையில் இளைஞர் மன்றம் நடந்தது. 1974-இல் வளாகம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமானது. பெர்லின் சுவர் விழுந்ததும் கலைஞர்கள் நுழைந்து, கிடைத்த கூடத்தில் நிகழ்ச்சி நடத்தினார்கள். முதலீட்டோடு பெரிய புனரமைப்பு வந்தது 1998-இல்தான். பணக்காரன் வாசலுக்கு வந்தபோது, இடிக்க முடியாது என்ற சட்டம் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தது, நாடகக்காரனும் உட்கார்ந்திருந்தான். இந்த வரிசை தலைகீழாக நடந்திருந்தால் அங்கே இன்று அடுக்குமாடிக் குடியிருப்புதான் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஊகத்துக்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பெங்களூருக்குப் போகலாம். தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915-இல் தென்னிந்தியாவின் ஐந்து பீர் ஆலைகளை ஒன்றுசேர்த்து யுனைடெட் புருவரீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அவற்றில் மூத்தது 1857-இல் தொடங்கியது. நீலகிரியின் பெயர் தாங்கியதும் ஒன்று உண்டு. நகர மையத்தில் அந்த நிறுவனத்தின் ஆலை இருந்த இடத்தில், இப்போது விட்டல் மல்லையா சாலை என்று அழைக்கப்படும் தெருவில், 2008-இல் திறந்ததுதான் யூபி சிட்டி. சுமார் 13 ஏக்கரில் கோபுரங்களும், விலைச்சீட்டைப் பார்த்தால் தலைசுற்றும் வெளிநாட்டுக் கடைகளும் இருக்கின்றன. வணிகமாக அது வெற்றிதான், மறுக்கவில்லை. பழைய ஆலையிலிருந்து மிஞ்சியது நிலமும் பெயரும்.

லண்டனின் பிரிக் லேன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் உலகின் மிகப் பெரிய பீர் ஆலைகளில் ஒன்றாக இருந்த ட்ரூமன் ஆலை 1989-இல் மூடியது. கட்டடங்கள் தப்பின, சின்ன நிறுவனங்கள், ஸ்டூடியோக்கள், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்று நிரம்பின. அந்தத் தெருவே பழையதை மாற்றிப் பயன்படுத்துவதில் கைதேர்ந்தது: 1743-இல் பிரெஞ்சு புராட்டஸ்டண்டு தேவாலயமாகக் கட்டியது பிறகு யூதர்களின் தொழுகைக்கூடமாகி, 1976 முதல் மசூதியாக இருக்கிறது. ஆனால் ட்ரூமன் வளாகத்தில் கடைகளும் அலுவலகங்களும் கொண்ட புதிய கட்டடத்துக்கு 2021-இல் உள்ளாட்சி மன்றம் அனுமதி கொடுத்தபோது 7,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்திருந்தன. எதிர்த்தவர்களில் அங்கே பல தலைமுறையாக உணவகமும் துணிக்கடையும் நடத்தும் வங்கதேசத்துக்காரர்கள் முன்னணியில் நின்றார்கள். வளாகம் பேர் வாங்க வாங்கத் தெருவின் வாடகை ஏறும், முதலில் வெளியேறுவது தாங்கள்தான் என்பது அவர்கள் பயம்.

தமிழ்நாட்டில் இந்த ஆலைகளுக்கு உறவுக்காரக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதுவும் குளிரால் பிறந்ததுதான். மெரினாவுக்கு எதிரே உள்ள ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதி ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் கொண்டுவந்து சேமிக்க, பிரடெரிக் டியூடரின் நிறுவனம் 1842-இல் கட்டியது. இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்தது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக மாற்றினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினார். பின்னர் சகோதரி சுப்புலட்சுமியின் முயற்சியில் இளம் விதவைகள் தங்கிப் படிக்கும் இல்லமாகவும் இருந்தது. இன்று விவேகானந்தர் இல்லம். கிடங்கு, வீடு, விடுதி, கண்காட்சி என்று எத்தனை முறை மாறினாலும் அந்த வட்டச் சுவரை யாரும் இடிக்கவில்லை.

நமக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி போகலாம். கடற்கரைச் சாலையின் தென்கோடியில் பழைய சாராய ஆலை வளாகம் இருக்கிறது. அதை மறுபடி பயன்படுத்துவது ஸ்மார்ட் சிட்டித் திட்டங்களில் பேசப்பட்ட ஒன்று. அதே சாலையில்தான் பிரெஞ்சுக் கால நகர மன்றமான 'மேரி' கட்டடம் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். விழுமுன் பழுது பார்த்திருந்தால் செலவு எவ்வளவோ குறைந்திருக்கும்.

இனி நம் மாவட்டம். ஆரணியிலும் களம்பூரிலும் அரிசி ஆலைகள் நிறைய. நெல் உலர்த்தும் டிரையரும் நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கும் சார்டெக்ஸும் வந்த பிறகு பழைய முறை ஆலைக்கு வேலை குறைந்துவிட்டது. அவியல் தொட்டி, உமி எரித்த அடுப்பு, செங்கல் புகைபோக்கி, எதிரே சிமெண்ட் பூசிய நெல் உலர்த்தும் களம், பின்னால் தூணில்லாத நீளக் கிடங்கு. இவற்றில் களமும் கிடங்கும்தான் பணம். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் கூட்டம் பெருகும் பகுதியில், சாலையோர ஆலை என்றால் உரிமையாளருக்கு முதலில் தோன்றுவது லாட்ஜ், அடுத்தது கல்யாண மண்டபம். தப்பு சொல்ல முடியாது. தமிழ்நாடு பாரம்பரியச் சின்னங்கள் ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டு, நடைமுறைக்கு வரவே பல ஆண்டுகள் பிடித்தன. கோயிலையும் கோட்டையையும் விட்டுவிட்டு அரிசி ஆலைப் புகைபோக்கிக்கு அது கை நீட்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஆனால் மண்டபக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஆடி, மார்கழி போக மிஞ்சிய முகூர்த்த நாட்களில்தான் வருமானம். மற்ற நாட்களில் பூட்டு. கிடங்கில் பாதியைச் சூப்பர் மார்க்கெட்டுக்கும் அலுவலகத்துக்கும் மாத வாடகைக்கு விட்டு, களத்தை வாரச் சந்தைக்கும் கூத்துக்கும் நாள் வாடகைக்கு விடுகிற ஏற்பாடு அந்தப் பூட்டைத் திறக்கும். பெர்லின் வளாகத்தில் சினிமாவும் சூப்பர் மார்க்கெட்டும் நாடகக் குழுவும் ஒரே மதிலுக்குள் இருப்பது அலங்காரத்துக்காக அல்ல. மாதம் தவறாமல் வாடகை தருபவர் ஒருவர் உள்ளே இருந்தால்தான், எப்போதாவது தருபவருக்கும் இடம் கிடைக்கும்.