வீட்டுக்கு ஒரு குறி

சித்தூருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் நடுவில் இருக்கிறது நல்லேப்பிள்ளி. கிழக்கே வேலந்தாவளம் வழியாகப் போனால் கோயம்புத்தூர், கோபாலபுரம் வழியாகப் போனால் பொள்ளாச்சி. மேற்கே பாலக்காடு, திருச்சூர், கொச்சி. இப்படியோர் எல்லையூரில் வீட்டிலிருந்தபடியே வடிவமைப்போ மொழிபெயர்ப்போ கணக்கெழுதுவதோ செய்து பிழைக்கும் ஒருவருக்கு வேலை ஒரே திசையிலிருந்து வருவதில்லை. பொள்ளாச்சிக்காரர் தமிழில் பேசுவார். கொச்சிக்காரர் மலையாளத்தில் குரல்பதிவு அனுப்புவார். வளைகுடாவில் கடை வைத்திருப்பவர் இரண்டையும் கலந்து வாட்ஸ்அப்பில் தட்டுவார்.

மூன்று பேர் வரை ஞாபகமே போதும். ஐந்தாவது ஆள் வந்து சேரும்போதுதான் ஒருவருக்குப் போகவேண்டிய பில் இன்னொருவருக்குப் போகிறது. போன வாரம் கேட்ட திருத்தம் எந்தக் கோப்பில் கிடக்கிறது என்று தேடுவதிலேயே ஒரு காலைப்பொழுது கழிகிறது.

இந்தச் சிக்கலுக்கு நம் ஆற்றங்கரைகளில் எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். பல வீட்டுத் துணிகளை ஒன்றாக மூட்டை கட்டி எடுத்துப் போய், ஒரே துறையில் துவைத்து, ஒரே மணலில் உலர்த்தி, வீடு மாறாமல் திருப்பித் தந்தவர்கள் சலவைத் தொழிலாளர்கள். அவர்கள் கையில் ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. இருந்தது சேங்கொட்டை.

சேராங்கொட்டை என்றும் இதைச் சொல்வார்கள். மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பத்து மரம். மலையாளத்தில் அதன் பெயரே அலக்குசேரு. அலக்கு என்றால் துணி வெளுப்பது. கொட்டையின் எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பிவிடும், அவ்வளவு காரம். ஆனால் துணியில் ஒரு சொட்டு வைத்துச் சுண்ணாம்பும் சேர்த்தால் கறுத்துப் பிடித்துக்கொள்ளும். எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. தாவரவியலில் இந்த மரத்துக்கு வைத்த செமெகார்பஸ் என்ற பெயரும் குறி, கனி என்னும் இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்ததுதான்.

ஒரு வீட்டுக்கு இரண்டு புள்ளி, அடுத்த வீட்டுக்கு ஒரு கோடும் புள்ளியும், இன்னொன்றுக்குக் குறுக்குக்கோடு. வேட்டியின் ஓரத்திலோ சட்டைக் கழுத்தின் உட்புறத்திலோ, உடுத்துபவரின் கண்ணை உறுத்தாத இடத்தில் வைப்பார்கள். புதுத்துணி முதல்முறை வெளுப்புக்கு வரும்போதே குறி விழுந்துவிடும். பிறகு அது எந்த மூட்டைக்குள் போனாலும், யார் கையில் மடிப்புக்கு வந்தாலும், எந்த வீட்டுத் துணி என்பதைத் துணியே சொல்லும். காவல்துறை பல வழக்குகளில் சலவைக்குறியை வைத்து ஆளை அடையாளம் கண்டதுண்டு. இத்தனை நுட்பமான ஒழுங்கை உருவாக்கியவர்களுக்கு ஊர் கொடுத்தது தானியக் கூலியும் தாழ்ந்த இடமும்தான் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

தனியாகத் தொழில் செய்பவர் இன்று கற்க வேண்டியது அந்தக் குறி விழும் நேரத்தை. வேலை முடிந்தபின் அடுக்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடப்பதில்லை. கோப்பு வந்த நிமிடமே வாடிக்கையாளரின் குறியும் தேதியும் அதன் பெயரில் ஏறிவிட வேண்டும். பொள்ளாச்சி மில்லுக்கு 'பொமி' என்று வைத்தால் 'பொமி 2025-08-17' என்று தொடங்கலாம். ஆண்டு, மாதம், நாள் என்ற இந்த வரிசையை 1988-இல் ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரமாகவே ஆக்கினார்கள். இப்படி எழுதினால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும். 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'கடைசி ஃபைனல்' என்று பெயர் வைக்கும் பழக்கத்தை அன்றே விட்டுவிடலாம். வாட்ஸ்அப்பில் வந்த திருத்தத்தையும் அங்கேயே விடாமல் அதே குறியுள்ள குறிப்பேட்டில் ஏற்றிவிடுவது நல்லது.

துணிக்குக் குறி சேங்கொட்டை என்றால், நேரத்துக்குக் குறி கோடம்பாக்கத்துக் கால்ஷீட். இன்ன நாள், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இந்தக் கம்பெனிக்கு என்று எழுதிக் கொடுப்பது. நல்லேப்பிள்ளியிலிருந்து அதிகத் தொலைவில்லாத எலப்புள்ளியில் 1928-இல் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதன் அந்த உலகத்தில் வாழ்ந்தவர். அவரும் டி.கே.ராமமூர்த்தியும் சேர்ந்து இசையமைத்து 1964 என்ற ஒரே ஆண்டில் வந்த படங்களில் நான்கை மட்டும் பாருங்கள்: பி.ஆர்.பந்துலுவின் 'கர்ணன்', ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை', சிவாஜி பிலிம்ஸின் 'புதிய பறவை', ஜி.என்.வேலுமணியின் 'படகோட்டி'. நான்கு தயாரிப்பாளர்கள், நான்கு ருசி. 'கர்ண'னின் இந்துஸ்தானி ராகங்கள் 'காதலிக்க நேரமில்லை'யின் துள்ளலில் ஒட்டவேயில்லை.

ஒட்டாமல் பார்த்துக்கொள்வது எளிதல்ல. ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அடுத்ததற்குத் தாவினால் மனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் காட்டினார். கொச்சி வேலைக்குக் காலை, பொள்ளாச்சி வேலைக்கு மதியம் என்று கால்ஷீட் பிரித்துவிட்டு, ஒன்றை மூடும்போது எங்கே நிறுத்தினோம் என்று இரண்டு வரி எழுதிவைத்தால் அடுத்ததில் மனம் சீக்கிரம் நிலைக்கும்.

எல்லையூர்க்காரருக்கு நாள்காட்டியே ஒரு தனி வேலை. தமிழ் ஆவணியும் மலையாளச் சிங்ஙமும் ஒரே மாதம்தான். ஆனால் கொச்சியில் ஓணத்துக்கு அலுவலகம் மூடும்போது கோயம்புத்தூரில் வேலை நடக்கும். பொங்கலுக்குப் பாலக்காடு, இடுக்கி உள்ளிட்ட ஆறு மாவட்டங்களுக்குக் கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடுகிறது. கொச்சிக்கு அது இல்லை. சவுதியில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 முதல் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி மதியத்துக்குப் பிறகும் சனி, ஞாயிறும். 'ஞாயிற்றுக்கிழமை யார் கூப்பிடப்போகிறார்கள்' என்று சவுதி வாடிக்கையாளர் உள்ளவர் நிம்மதியாக இருக்க முடியாது. எனவே எல்லோருக்கும் ஒரே நாள்காட்டி, ஆளுக்கொரு நிறம். 'பண்டிகைக்கு முன்னாடி கொடுங்க' என்று யார் சொன்னாலும் எந்தப் பண்டிகை, எந்தத் தேதி என்று அப்போதே கேட்டு எழுதிக்கொள்வது.

பணத்திலும் குறி வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டி ஜிஎஸ்டி பதிவு எடுத்தவர், கொச்சி பில்லில் மத்திய, மாநில வரிகளை இரண்டாகப் பிரித்துப் போட வேண்டும். நாற்பது, ஐம்பது கிலோமீட்டரில் இருக்கும் கோயம்புத்தூர் வேறு மாநிலம் என்பதால் அங்கே ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரி. ஆகவே வாடிக்கையாளரின் குறியோடு மாநிலத்தையும் சேர்த்து எழுதிவைப்பது உதவும். தொழில்முறைக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனங்கள் பொதுவாக 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பும். யார் எவ்வளவு பிடித்தார்கள் என்பது வருமான வரித் துறையின் தளத்தில் அவரவர் பான் எண்ணின் கீழ் தனித்தனியாகத் தெரியும். கணக்குத் தாக்கல் செய்யுமுன் ஒரு மாலை உட்கார்ந்து, அந்தப் பட்டியலையும் தன் பில்களையும் குறி குறியாக ஒப்பிட்டால், பிடித்த வரியைக் கட்டாமல் விட்ட வாடிக்கையாளர் யார் என்பது அன்றே தெரிந்துவிடும்.